முந்திப் போனவர்

ஹனாதி அந்தக் கடிதத்தை ஏறக்குறைய முடித்துவிட்டாள். மொத்தமே மூன்று வரி. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஹாஜ் அத்னான் இறந்ததாகக் கணினியில் பதிவான நேரமும், அறுவை அரங்கில் அவருடைய மூத்த மகன் மாஹிர் இறந்ததாகப் பதிவான நேரமும் சரியானவைதான் என்று இந்த மருத்துவமனையின் கணினிப் பொறுப்பாளர் உறுதி சொல்கிறார். அவ்வளவுதான். நேரங்களை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று மாஹிரின் தம்பி ஃபவாஸ் ஷரீஅத் நீதிமன்றத்தில் கேட்டிருந்தான். நீதிமன்றம் மருத்துவமனையைக் கேட்டது. மருத்துவமனை நிர்வாகி உஸ்தாத் வஜீஹ் ஹனாதியைக் கேட்டார். கையெழுத்துப் போடவேண்டிய இடத்துக்கு மேலே தன் பெயரைத் தட்டிவிட்டு, ஏலக்காய் மணக்கும் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, பார்க்காமல் கையெழுத்துப் போட்டதாக இருக்கக் கூடாது என்பதற்காக மட்டும் தீவிர சிகிச்சைப் பிரிவின் கணினியைத் தன் திரையில் திறந்தாள்.

திரையின் மூலையில் மணி தெரிந்தது. ஹனாதி தன் கைப்பேசியைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். கைப்பேசிதான் எங்கோ பிசகிவிட்டது என்று எண்ணிக்கொண்டு பக்கத்து மேசைத் தொலைபேசியின் மணியைப் பார்த்தாள். அதுவும் கைப்பேசி சொன்னதையே சொன்னது. தீவிர சிகிச்சைப் பிரிவு மட்டும் ஒன்பது நிமிடம் பின்னால் இருந்தது.

காப்பிக் கோப்பையை எங்கே வைத்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. மாடியில் நோயாளிகளுக்கு ஏற்றும் ஒவ்வொரு மருந்தும், பார்க்கும் ஒவ்வொரு நாடியும் இந்த நேரத்தின்படிதான் பதிவாகிறது. எவ்வளவு நாளாக இப்படி?

மருத்துவமனையில் 'அந்தப் பிரிவின் கணினி', 'இந்தப் பிரிவின் கணினி' என்று எல்லோரும் பெயர் சொல்லி அழைப்பவற்றில் பெரும்பாலானவற்றைக் கையால் தொட முடியாது. அடித்தளத்துக் குளிர் அறையில் இரண்டு பெரிய சர்வர்கள் இருந்தன. ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஏழெட்டு மெய்நிகர் கணினிகள் ஓடின. அந்த உள்கணினிகளுக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. தங்களைச் சுமக்கும் சர்வர் சொல்கிற நேரம்தான் அவற்றுக்கு நேரம். மின்சாரம் போய் மின்கலமும் தீரும் நிலை வந்தால், சர்வர் தன் வயிற்றில் இருப்பவற்றை அப்படியே உறையவைத்துவிடும். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் எழுப்பும். எழுந்த கணினி தான் தூங்கியதையே அறியாமல், விட்ட நொடியிலிருந்து எண்ணிக்கொண்டு போகும். எழுந்தவுடன் சர்வரிடம் மணி கேட்டுத் திருத்திக்கொள்ள ஓர் ஏற்பாடு உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவின் கணினியில் அந்த ஏற்பாடு அணைந்து கிடந்தது. போன இலையுதிர் காலத்தில் அது பழுதாகி, பழைய நகலிலிருந்து அதை மீட்டு வைத்தது ஹனாதிதான். மறுபடி போட்டுவிட வேண்டிய ஒன்று விடுபட்டிருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு மின்வெட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. டீசல் மிச்சம் பிடிக்க, ஜெனரேட்டரை உடனே போடாமல் அரசு மின்சாரம் திரும்புகிறதா என்று பார்த்துப் போடச் சொன்னவர் உஸ்தாத் வஜீஹ். பழைய மின்கலங்களை மாற்ற வேண்டாம் என்றவரும் அவரே.

அவள் மாடிப்படிகளில் ஓடினாள். வஜீஹின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தாள். அவர் தஸ்பீஹ் மணிகளை உருட்டியபடி யாருடனோ தொலைபேசியில் ஆக்சிஜன் உருளைகளுக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிக்கும்வரை அவள் நின்றாள். பிறகு மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். வஜீஹ் முகத்தை அசைக்காமல் கேட்டார்.

"உன் சம்பளத்துல ஒரு கைக்கடிகாரம் வாங்கி அந்தக் கணினிக்குக் கட்டி விட்டிருக்கலாமே ஹனாதி," என்றார். பிறகு மணிகள் நின்றன. "அப்ப அன்னிக்கு யாரு முதல்ல போனது?"

அப்பாவுக்குப் பதிவான நேரம் பதினொன்று நாற்பத்தொன்று. மகனுக்கு நாற்பத்தாறு. அப்பாவுடையதோடு ஒன்பதைக் கூட்டினால் ஐம்பது.

"மகன்," என்றாள் ஹனாதி.

சொல்லிய பிறகுதான் சொன்னது என்ன என்பது அவளுக்கு உறைத்தது. ஒரு கணக்குக்கு விடை சொல்வது போலச் சொல்லிவிட்டிருந்தாள். வஜீஹ் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

பழைய ஸைதா நகரத்தில் ஹாஜ் அத்னானின் இனிப்புக் கடையை அறியாதவர் இல்லை. வாயில் போட்டால் பொடிந்துபோகும் ஸன்யூரா பிஸ்கட்டுக்காக ஹனாதி பள்ளிக்கூடச் சீருடையோடு அங்கே நின்றிருக்கிறாள். மாஹிர் வாலிபனாகத் தராசுக்குப் பின்னால் நின்ற காலம் அது. எடை போட்ட பிறகு, அப்பா திரும்பிப் பார்க்காத நேரமாகப் பார்த்து இரண்டை அள்ளிப் போடுவான். கடைக்கு மேலே வீடு. அதில்தான் மாஹிரும் அவன் மனைவி லமியாவும் இரண்டு பிள்ளைகளும் ஹாஜுடன் இருந்தார்கள். இளையவன் ஃபவாஸுக்கு மாவும் நெய்யும் பிடிக்கவில்லை. புது நகரத்தில் கைப்பேசிக் கடை வைத்தான். வங்கிகள் கதவைச் சாத்தியபோது அவன் பணமும் உள்ளே மாட்டிக்கொண்டது. கடை போயிற்று. பிப்ரவரி மாத மழையில் ஹாஜும் மாஹிரும் பிஸ்தா வாங்க பெய்ரூத்துக்குக் கிளம்பி, நெடுஞ்சாலையில் வரிசையாக மோதிக்கொண்ட வண்டிகளுக்கு நடுவே நசுங்கினார்கள். இருவரையும் உயிரோடுதான் கொண்டுவந்தார்கள். அப்பாவை மேலே தீவிர சிகிச்சைக்கும் மகனைக் கீழே அறுவை அரங்குக்கும் பிரித்துக் கொண்டுபோனார்கள். செய்தி கேட்டு முதலில் வந்து சேர்ந்தவன் ஃபவாஸ். லமியா பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி, அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு வந்தபோது இரண்டும் முடிந்திருந்தது.

வீடும் கடையும் ஹாஜின் பெயரில் இருந்தன. அப்பா முதலில் போயிருந்தால், அந்த நொடியே பாதி மாஹிருக்கு வந்துவிடும். நினைவில்லாமல் அறுவை மேசையில் கிடந்தாலும், அதை ஐந்தே நிமிடம் வைத்திருந்தாலும், அது அவனுடையது. அவனுக்குப் பின் லமியாவுக்கும் பிள்ளைகளுக்கும். மாஹிர் முதலில் போயிருந்தால் அவனுக்கு எதுவும் வந்திருக்காது. மகன் ஒருவன் உயிரோடிருக்கும்போது பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு கிடையாது. எல்லாம் ஃபவாஸுக்கு. ஊரில் எல்லோருக்கும் இந்த ஐந்து நிமிடம் தெரியும். லமியா இப்போது தானே அடுப்பில் நின்று கடையை நடத்துகிறாள் என்பதும் தெரியும். ஃபவாஸ் நேரத்தைச் சரிபார்க்கச் சொன்னான் என்றதும் ஊர் அவனைப் பற்றி என்ன பேசியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று பிற்பகலே வஜீஹ் ஃபவாஸை வரவழைத்தார். நீதிமன்றத்தில் வேறு யாரும் சொல்லி அவன் கேள்விப்படுவதைவிடத் தானே சொல்லிவிடுவது மருத்துவமனைக்கு நல்லது என்பது அவர் கணக்கு. விளக்கம் சொல்ல ஹனாதியும் இருக்க வேண்டியிருந்தது. ஃபவாஸ் மெலிந்துபோயிருந்தான். சட்டையின் கழுத்துப் பட்டை பெரிதாகத் தெரிந்தது. கணினி, சர்வர், மின்வெட்டு என்று ஹனாதி தொடங்கியதை அவன் பாதியில் நிறுத்தி, யார் முதலில் என்று மட்டும் கேட்டான். கணினிப்படி பார்த்தால் மாஹிர் முதலில் என்றாள்.

அவன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். விரல்களுக்கு நடுவிலிருந்து, தணிந்த குரலில், அல்ஹம்துலில்லாஹ் என்றான். இன்னொரு முறையும் சொன்னான்.

ஹனாதி சுவரைப் பார்த்தாள். அண்ணன் முதலில் செத்தான் என்று கேட்டு இறைவனைப் புகழும் ஒரு மனிதனுக்கு முன்னால் எந்தப் பக்கம் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. வஜீஹ்கூட மணிகளை மேசையில் வைத்துவிட்டார். ஃபவாஸ் எழுந்து, ஹனாதிக்கு நன்றி சொன்னான். நீங்கள் என் நெஞ்சிலிருந்து ஒரு கல்லை எடுத்தீர்கள் என்றான். அந்த நன்றி அவள் மேல் எண்ணெய்ப் பிசுக்குப் போல ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகும் போகவில்லை. மூன்று வரியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் லமியாவின் வீடு லமியாவிடமே இருந்திருக்கும் என்று அவள் திரும்பத் திரும்ப நினைத்தாள். நல்லவளாக இருந்ததால் உண்மையைச் சொன்னாள் என்றும் இல்லை. அதிர்ச்சியில் வாய் முந்திக்கொண்டது. யாரைப் பற்றிச் சொல்கிறோம் என்பது பின்னால்தான் வந்தது.

மறுநாள் அறுவை அரங்குகளுக்கு வெளியே நடைகூடத்தில் ஒரு அச்சுப்பொறியைச் சரி செய்துகொண்டிருந்தாள். அரங்கக் கதவுக்கு மேலே அன்றைய அறுவை சிகிச்சைகளைக் காட்டும் திரை இருந்தது. நடைகூடத்தின் கோடியில் காப்பி விற்பவர் தன் சிறிய வானொலியை வைத்திருந்தார். அதிலிருந்து மணியோசை விட்டு விட்டு வந்தது. பிறகு பெண் குரல் பன்னிரண்டு மணிச் செய்தி என்றது. ஹனாதி தற்செயலாக நிமிர்ந்தாள். கதவுக்கு மேலிருந்த திரை இன்னும் பன்னிரண்டுக்குக் கால் மணி நேரம் இருப்பதாகக் காட்டியது.

அவள் அச்சுப்பொறியை அப்படியே திறந்த வயிற்றோடு விட்டுவிட்டு அடித்தளத்துக்கு இறங்கினாள். நேற்று அரங்கின் கணினியையும் பார்த்திருந்தாள். ஆனால் அதைச் சுமக்கும் சர்வரோடு ஒப்பிட்டுத்தான் பார்த்தாள். இரண்டும் நொடி பிசகாமல் ஒன்றையே சொல்லின, அதனால் நிம்மதியாக விட்டுவிட்டாள். சர்வரே தவறாக இருக்கும் என்று தோன்றவில்லை. அரங்கின் கணினி ஒழுங்காகத்தான் இருந்தது. தன்னைச் சுமப்பவன் சொன்னதை அப்படியே நம்பியது. அந்த இரண்டாவது சர்வர் வெளியுலகத்திடம் மணி கேட்கும் வழி எப்போதோ அறுந்திருந்தது. இணைய இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றியபோது அறுந்திருக்கலாம். அதற்கு முன்பாகவும் இருக்கலாம். அன்று முதல் அது தன் பாட்டுக்கு மெதுவாக, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பின்தங்கிப் பின்தங்கி வந்திருந்தது.

குளிர் அறையில் காற்றாடிகள் இரைந்துகொண்டிருந்தன. ஹனாதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்றைக்கு ஒன்று ஒன்பது நிமிடம் பின்னால், இன்னொன்று கால் மணி நேரம் பின்னால். சரி. பிப்ரவரியில்? அந்த மழை நாளில் அது மூன்று நிமிடமாக இருந்திருக்கலாம். இது இரண்டாக இருந்திருக்கலாம், பத்தாக இருந்திருக்கலாம். இன்றைய பிழையை எடுத்து அன்றைய நேரத்தோடு கூட்டிவிட்டாள், அதுவும் இரண்டில் ஒன்றில் மட்டும். படித்த படிப்பு, பன்னிரண்டு வருட வேலை எல்லாவற்றோடும் சேர்ந்து அவள் ஒரு மனிதனைப் பார்த்து, உன் அண்ணன்தான் முதலில் செத்தான் என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்குத் தெரியவே தெரியாத ஒன்றை.

வஜீஹ் இந்த முறை கேலி செய்யவில்லை. பழைய ஊழியர்களை விசாரிப்போம் என்றாள் ஹனாதி. அதை முன்பே செய்துவிட்டதாக அவர் சொன்னார். அன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நர்ஸ் ஜெர்மனிக்குப் போய்விட்டாள். அரங்கில் இருந்தவர்கள், ஒரே நேரத்தில் அத்தனை பேர் வந்து விழுந்த காலையில், திரையைப் பார்த்து நேரம் எழுதியதைத் தவிர வேறெதுவும் நினைவில்லை என்கிறார்கள். அப்படியானால் தெரியாது என்றே எழுதித் தருகிறேன் என்றாள். அதுதான் நியாயம், யாருக்கும் பாதகமில்லை.

"பாதகமில்லையா?" வஜீஹ் அவளை நிமிர்ந்து பார்த்தார். "காலையிலதான் நீதிமன்றத்து ஷேக்கோட பேசினேன், எதுக்கும் இதையும் கேட்டு வச்சேன். யார் முன்ன யார் பின்னன்னு தெரியலேன்னா, ஒருத்தர் சொத்து இன்னொருத்தருக்குப் போகாது. அப்பன் சொத்து மகனுக்குப் போகாது. அப்ப யாருக்குப் போகும்?"

அவர் விரல்களை மடக்கி எண்ணினார்.

"ஃபவாஸுக்குத்தான். நீ மகன் முதல்லன்னு சொன்னாலும் ஃபவாஸுக்கு. தெரியாதுன்னு சொன்னாலும் ஃபவாஸுக்கு. அந்தப் பொண்ணுக்கு இருந்தது உன்னோட ரெண்டு கடிகாரம் மட்டும்தான்."

அவள் வேலை முடிந்து நேரே கடைக்குப் போனாள். தானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. குறுகிய சந்தில் நெய் வாசனை முன்னால் வந்தது. லமியா கறுப்பு உடையின் கைகளை மடித்துவிட்டு, தட்டிலிருந்து ஸன்யூராவைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு வாடிக்கையாளர் இருந்தார். அவர் போகும்வரை ஹனாதி கேட்காமலே லமியா அவளுக்கும் ஒரு பெட்டி அடுக்கினாள். எடை போட்ட பிறகு இரண்டை மேலே வைத்தாள். ஹனாதியால் அதைப் பார்க்க முடியவில்லை. மருத்துவமனையின் கடிகாரங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் தான்தான் என்பதிலிருந்து தொடங்கி, ஷேக் சொன்னதுவரை, எதையும் விடாமல் சொன்னாள். லமியா பெட்டியின் மூடியைப் பாதி மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் எங்கிட்ட வந்து மணியச் சொல்றாங்க," என்றாள் கடைசியில். "வக்கீல் சொல்றார், மாமா வீட்டுக்காரங்க சொல்றாங்க. இவ்வளவு மணிக்கு அவர், இவ்வளவு மணிக்கு இவர்னு. நான் ஒருத்தர்கிட்டயும் மணி கேக்கல ஹனாதி. மாஹிர் தனியாப் போனாரா, பக்கத்துல யாராவது இருந்தாங்களான்னு கேட்டேன். அதுக்கு ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்கறாங்க."

ஹனாதிக்கு அதுவும் தெரியாது. மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் மேலேயிருந்து சின்ன அத்னான், தாத்தாவின் பெயர் கொண்டவன், படிகளில் பந்தைத் தட்டிக்கொண்டு இறங்கி வந்தான். லமியா பெட்டியை மூடி நாடாவால் கட்டினாள்.

வஜீஹ் இரண்டு தரப்பையும் ஒன்றாகவே கூப்பிட்டுவிட முடிவு செய்தார். ஒரே அறையில், ஒரே பேச்சில் முடிந்தால் பின்னால் யாரும் மருத்துவமனையைக் குறை சொல்ல முடியாது. வியாழக்கிழமை காலை, அவருடைய மேசைக்கு முன்னால் லமியா ஒரு கோடியிலும் ஃபவாஸ் இன்னொரு கோடியிலும் உட்கார்ந்திருந்தார்கள். காப்பி வந்தது. யாரும் தொடவில்லை. உள்ளே வந்தபோது ஃபவாஸ், எப்படி இருக்கீங்க உம்மு அத்னான், பிள்ளைகள் எப்படி என்று, மகன் பெயரால் அவளை அழைத்துக் கேட்டான். அவள் இறைவனுக்கே புகழ் என்றாள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஜன்னல் வழியாகத் தெரிந்த கடலில் மீன்படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன.

ஹனாதி எழுந்து நின்றே பேசினாள்.

"ரெண்டு கடிகாரமும் தப்பு. அன்னிக்கு எவ்வளவு தப்பா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. மாஹிர் முதல்லன்னு போன தடவை நான் சொன்னது தப்பு. எனக்குத் தெரியாம சொல்லிட்டேன். யார் முதல்ல போனாங்கன்னு எங்க கணினியால சொல்ல முடியாது."

லமியா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு இது புதிதில்லை. ஃபவாஸ்தான் நிமிர்ந்தான்.

"இல்ல," என்றான். "அது சரிதான்."

"எது சரி?"

"நீங்க முதல்ல சொன்னது. மாஹிர் முதல்ல. அது சரியாத்தான் இருக்கணும்."

வஜீஹ் பொறுமையாகச் சிரித்தார். உனக்கு ஒன்றும் மாறவில்லை, ஏன் பதறுகிறாய் என்றார். தெரியாது என்று எழுதினாலும் ஷேக் உனக்குத்தான் எழுதுவார், வீடும் உன்னுடையது, கடையும் உன்னுடையது என்று, ஒரு வியாபாரத்தை முடித்து வைப்பவர் போலச் சொன்னார். ஃபவாஸ் அவரைப் புரியாத பாஷை பேசுபவரைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"வீட்டப் பத்தி இங்க யார் பேசினா?"

அவன் ஹனாதியின் பக்கம் திரும்பினான். குரலில் கோபம் இல்லை. கடனுக்குத் தவணை கேட்பவனின் குரலாக இருந்தது.

"நீங்க நல்லாப் பாருங்க. மறுபடி பாருங்க. அவன் முதல்லயே போயிருக்கணும். நான் கீழ வர்றதுக்கு முன்னாடியே."

"கீழன்னா?" என்றாள் ஹனாதி.

"அப்பா பக்கத்துல நான் இருந்தேன். இதயத் துடிப்பு காட்டற பெட்டியில கோடு படுத்துருச்சு. துணிய இழுத்து மூடினாங்க. நான் கீழ ஓடினேன். லிஃப்ட் வரல, படியில ஓடினேன். அரங்கத்துக் கதவு திறக்கல, போட்டு அடிச்சேன்." அவன் கையை உயர்த்தி, உள்ளங்கையை விரித்து, இல்லாத ஒரு கதவின் மேல் வைத்துக் காட்டினான். "மாஹிர், அப்பா போயிட்டார், மாஹிர் அப்பா போயிட்டார்னு கத்தினேன். ஏன் கத்தினேன்னு எனக்குத் தெரியல. வேற யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்? எனக்கு எது நடந்தாலும் அவன்கிட்டத்தான் முதல்ல சொல்லுவேன். ஒரு நர்ஸ் வெளிய ஓடி வந்து என் வாயப் பொத்தினா. சத்தம் போடாதீங்க, இன்னும் மயக்க மருந்து குடுக்கல, அவருக்குக் காது கேக்குதுன்னா."

கை அப்படியே காற்றில் நின்றது.

"கொஞ்ச நேரத்துல அவளே வந்து அவனும் போயிட்டான்னு சொன்னா. காது கேக்குதுன்னு அவ சொன்னது பொய்னு நான் வச்சுக்கிட்டேன். என்னை அடக்கறதுக்காகச் சொன்னான்னு. அதுக்கு முன்னாடியே அவன் போயிட்டான், நான் கத்தினது செத்தவன் காதுலதான் விழுந்துச்சுன்னு. அதுக்குத்தான் பாக்கச் சொன்னேன். அவன் முதல்லன்னு ஒரு தாள்ல இருந்தாப் போதும்னு." அவன் ஹனாதியைப் பார்த்தான். "நீங்க சொன்னீங்களே. அன்னிக்கு ராத்திரி நான் தூங்கினேன். மூணு மாசத்துல முதல் தடவையாத் தூங்கினேன்."

விரல்களுக்கு நடுவிலிருந்து வந்த அந்த அல்ஹம்துலில்லாஹ் இப்போதுதான் ஹனாதியின் காதில் சரியாக விழுந்தது போலிருந்தது. எவ்வளவு எளிதாக அவனை எடை போட்டுவிட்டாள். ஊரே எவ்வளவு எளிதாகப் போட்டுவிட்டது.

வஜீஹுக்கு முதலில் புரிந்தது வேறொன்று. அவர் மேசையின் மேல் முன்னால் சாய்ந்தார். அவர் கண்கள் ஃபவாஸிடமிருந்து லமியாவுக்கும் லமியாவிடமிருந்து ஃபவாஸுக்கும் போயின. கணினி சொல்ல முடியாததை, இரண்டு சர்வரும் சொல்ல முடியாததை, அப்பாதான் முதலில் போனார் என்பதை, அப்பாவின் கட்டிலருகே நின்று பார்த்துவிட்டு மகனின் கதவைத் தட்டிய ஒரே மனிதன் இப்போது மூன்று பேர் கேட்கச் சொல்லிவிட்டான். அது அவனுக்கு இன்னும் தெரியவில்லை.

"ஃபவாஸ்," என்றார் மெதுவாக. "நீ இப்ப சொன்னது நீதிமன்றத்துல சொன்னதில்ல. துக்கத்துல சொன்னது. வெளிய போய் நல்லா யோசி. உனக்கும் பிள்ளைங்க இருக்கு."

ஃபவாஸ் அவரைப் பார்த்தான். அந்தச் சொற்கள் உள்ளே போய் ஒவ்வொன்றாக இடம் பிடிப்பதை ஹனாதியால் அவன் முகத்தில் காண முடிந்தது. அவன் காற்றில் நின்ற கையைப் பார்த்தான், அது வேறு யாருடையதோ போல. மெல்ல இறக்கித் தொடையின் மேல் வைத்தான்.

லமியா அப்போதுதான் வாய் திறந்தாள். வீட்டைப் பற்றிக் கேட்பாள் என்று ஹனாதி நினைத்தாள். கேட்டிருந்தாலும் தவறில்லை.

"அவருக்குக் கேட்டுச்சா?" என்றாள் லமியா.

ஃபவாஸ் தொடையின் மேலிருந்த கையையே பார்த்தான்.

"ஃபவாஸ். நீ கத்தினது அவருக்குக் கேட்டுச்சா? அவர் ஏதாவது சொன்னாரா?"

அவன் எழுந்தான். நாற்காலி பின்னால் சரிந்து சுவரில் மோதியது. யாரிடமும் விடைபெறாமல் கதவைத் திறந்துகொண்டு போனான். வஜீஹ் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், ஒரே ஒரு முறை, பிறகு விட்டுவிட்டார். லமியா கைப்பையைக்கூட எடுக்காமல் அவன் பின்னால் போனாள். அறையில் ஹனாதியும் வஜீஹும் ஆறிய நான்கு காப்பிகளும் மிஞ்சின. தாளில் என்ன எழுதட்டும் என்று ஹனாதி கேட்டாள். வஜீஹ் தஸ்பீஹ் மணிகளைக் கையில் எடுத்தார். உருட்டவில்லை.

"உன் கடிகாரத்தப் பத்தித் தெரிஞ்சத எழுது," என்றார். "மத்தது உன் வேலையில்ல. என் வேலையும் இல்ல."

அவள் லமியாவின் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலுக்குத்தான் போயிருப்பார்கள் என்று நினைத்து முன்கூடத்தில் தேடினாள். அங்கே இல்லை. படிகளில் காலடிச் சத்தம் கேட்டது. கீழே, அறுவை அரங்குகளின் நடைகூடத்தை நோக்கிப் போகும் சத்தம். அவள் படிவளைவுவரை இறங்கி நின்றுவிட்டாள். அதற்கு மேல் இறங்கத் தனக்கு உரிமையில்லை என்று தோன்றியது.

அரங்கத்தின் கண்ணாடிக் கதவுக்கு மிக அருகில் ஃபவாஸ் நின்றிருந்தான். ஆள் நெருங்கினால் தானே திறந்துகொள்ளும் கதவு. அவன் உள்ளே போகவில்லை, பின்னால் நகரவும் இல்லை. லமியா அவனுக்கு ஓரடி பின்னால் நின்றாள். உள்ளேயிருந்து பச்சைத் தொப்பி போட்ட ஒரு நர்ஸ், கதவை விட்டுத் தள்ளி நில்லுங்கள் என்று கைகாட்டினாள். கதவு மூடியது. அவன் அங்கேயே நின்றதால் உடனே திறந்தது. உள்ளே வெளிச்சத்தில் யாரோ ஒருவரின் பாதங்கள் போர்வைக்கு வெளியே தெரிந்தன. மூடியது. லமியா இன்னும் அரை அடி முன்னால் வந்து அவன் பக்கத்தில் நின்றாள். அவன் தலையைத் திருப்பாமல், உதடு அசைய, அவளிடம் ஏதோ சொல்லத் தொடங்கினான். கதவு மறுபடி திறந்தது.